ஜமைக்கா, பார்படோஸ்: அதிகமா முதலீடு போட்ட நாடு ஏன் பின்தங்குச்சு

உங்க கேள்வி எனக்குப் புரிஞ்ச வரைக்கும் இதுதான். ஜமைக்கா, பார்படோஸ் ரெண்டு நாட்டோட முதலீட்டையும் ஜிடிபில எத்தனை சதவீதம்னு எடுத்து ஒரே கிராஃப்ல போட்டுப் பாத்திருக்கீங்க, முக்கால்வாசி வருஷம் ஜமைக்கா கோடுதான் மேல இருக்கு, ஆனா பணக்கார நாடு பார்படோஸ். அப்போ டேட்டா தப்பா, இல்ல முதலீடு போட்டா வளர்ச்சி வரும்னு காலேஜ்ல படிச்சது தப்பா? டேட்டால பெரிய தப்பு இல்ல, படிச்சதும் முழுசா தப்பு இல்ல. அந்த சதவீதம் என்ன செலவாச்சுன்னு மட்டும்தான் சொல்லும், அந்த செலவுல என்ன கிடைச்சுதுன்னு சொல்லாது. இந்த ரெண்டு தீவையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா அது நல்லா விளங்கும், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

நம்ம ஆளுங்களுக்கு இந்த ரெண்டு ஊரும் கிரிக்கெட் வழியாத்தான் பழக்கம். சோபர்ஸும் மால்கம் மார்ஷலும் பார்படோஸ், ஹோல்டிங்கும் வால்ஷும் கெய்லும் ஜமைக்கா, எல்லாரும் ஒரே டீம்ல ஆடினதால ஒரே நாடு மாதிரியே மனசுல பதிஞ்சிருக்கும். 1958ல வெஸ்ட் இண்டீஸ் கூட்டாட்சின்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க, 1962லயே கலைஞ்சுடுச்சு, அந்த வருஷமே ஜமைக்கா தனியா சுதந்திரம் வாங்குச்சு, பார்படோஸ் 1966ல வாங்குச்சு. ஒப்பிடறதுக்கு இத விட நல்ல ஜோடி கிடைக்கறது கஷ்டம், ஏன்னா ரெண்டும் பிரிட்டிஷ் காலனி, ரெண்டுலயும் கரும்புத் தோட்டம், அடிமை உழைப்புன்னு அதே கொடூரமான வரலாறு, அதே பார்லிமென்ட் முறை, அதே சட்டம், அதே மொழி. ஆள் கணக்குலதான் பெரிய வித்தியாசம், ஜமைக்கால சுமார் 28 லட்சம் பேர், பார்படோஸ்ல சுமார் 2.8 லட்சம். 1960ல தலைக்கு வருமானம் பார்படோஸ்ல ஜமைக்காவ விட ஒன்றரை மடங்கு இருந்துச்சு, 2002ல பாத்தா இரண்டரை மடங்கையும் தாண்டிடுச்சு. பீட்டர் பிளேர் ஹென்றி, கான்ராட் மில்லர்னு ரெண்டு பொருளாதார அறிஞர்கள் 2009ல இதை எடுத்துப் பேசினாங்க, சட்டமும் அமைப்பும் ஒரே மாதிரி இருந்தும் பாதை பிரிஞ்சதுக்கு அரசு எடுத்த கொள்கை முடிவுகள்தான் காரணம்னு வாதாடினாங்க. நானும் பெரும்பாலும் அவங்க பக்கம்தான்.

இப்ப உங்க கிராஃபுக்கு வருவோம். 1960களோட கடைசில ஜமைக்கா முதலீடு ஜிடிபில 30%ஐ ஒட்டி இருக்கறத பாத்திருப்பீங்க. அது பாக்சைட். அலுமினியத்துக்கு மூலப்பொருளான அந்த செம்மண் அங்க குவிஞ்சு கெடக்கு, 1950களோட கடைசிலயே உலகத்துலயே அதிகமா பாக்சைட் எடுத்த நாடு ஜமைக்காதான். அல்கான், ரேனால்ட்ஸ், கைசர், அல்கோவான்னு வட அமெரிக்க கம்பெனிகள் எல்லாம் அங்க இருந்தாங்க. மண்ணை அள்ளி கப்பல்ல ஏத்தறதுக்கு பெருசா முதலீடு வேணாம், ஆனா அதை அலுமினாவா, அதாவது அலுமினியம் செய்யத் தேவையான வெள்ளைப் பொடியா, மாத்தற ஆலை கட்டணும்னா பாய்லர், பெரிய பெரிய டேங்க், ரயில் பாதை, துறைமுகம்னு கோடிக்கணக்குல டாலர் எறங்கணும். அந்த காலத்து 30%ல நல்ல பங்கு இந்த மாதிரி ஆலைகளோட கட்டுமானம்தான். பணம் வெளிய இருந்து வந்துச்சு, மெஷின் வெளிய இருந்து வந்துச்சு, கட்டி முடிச்சதும் வேலை கிடைச்சது கொஞ்ச பேருக்குத்தான், ஏன்னா அலுமினா ஆலைக்கு ஆள் அதிகம் தேவைப்படாது. ஜிடிபி வருஷத்துக்கு 5% கிட்ட வளர்ந்துச்சு, ஆனா தலைநகர் கிங்ஸ்டன்ல வேலை இல்லாத இளைஞர் கூட்டமும் சேர்ந்தே வளர்ந்துச்சு. 70கள்ல நடந்ததுக்கு விதை அங்கதான் விழுந்துச்சுன்னு நினைக்கறேன்.

1972 தேர்தல்ல மைக்கேல் மேன்லி ஜெயிச்சு ஜமைக்கா பிரதமர் ஆனாரு. இலவசக் கல்வி, குறைந்தபட்ச கூலி, வேலைவாய்ப்புத் திட்டம்னு அவர் செஞ்ச பல விஷயம் அந்த மக்களுக்கு நியாயமா எப்பவோ கிடைச்சிருக்க வேண்டியதுதான், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. சிக்கல் எங்கன்னா 1973ல எண்ணெய் விலை ஏறிடுச்சு, ஜமைக்கா எண்ணெய்க்கு முழுக்க இறக்குமதிய நம்பின நாடு, அலுமினா ஆலையும் எண்ணெய்லதான் ஓடுது. 1974ல அவர் பாக்சைட் மேல புது தீர்வை போட்டாரு, அலுமினியக் கட்டி விலைல 7.5%னு கணக்கு. அரசு வருமானம் பல மடங்கு ஏறுச்சு, அதே சமயத்துல கம்பெனிகள் அடுத்த ஆலைய ஜமைக்கால கட்டாம ஆஸ்திரேலியா, கினி, பிரேசில்னு போக ஆரம்பிச்சாங்க. செலவு வருமானத்த தாண்டிப் போச்சு, பட்ஜெட் பற்றாக்குறை ஜிடிபில 15%ஐ தொட்டுச்சு, சென்ட்ரல் பேங்க் பணம் அடிச்சுக் கொடுத்துச்சு, அந்நியச் செலாவணி தீந்து போச்சு, இறக்குமதிக்கு லைசென்ஸ், விலைக்குக் கட்டுப்பாடுன்னு வந்துச்சு. கோடீஸ்வரன் ஆகணும்னா மயாமிக்கு தினம் 5 ஃப்ளைட் இருக்கு, கிளம்பலாம்னு மேன்லி சொன்னது அங்க இன்னைக்கும் பேசற விஷயம். நிறைய பேர் நிஜமாவே கிளம்பிட்டாங்க, பணத்தோட. முதலீட்டு விகிதம் அஞ்சாறு வருஷத்துல பாதிக்கும் கீழ விழுந்துச்சு, தலைக்கு வருமானம் 1980க்குள்ள ஐந்துல ஒரு பங்குக்கு மேல குறைஞ்சு போயிடுச்சு. இந்தக் கட்டத்துல உங்க பாடப் புத்தகம் சொல்றது சரியா பொருந்துது, முதலீடு விழுந்துச்சு, வளர்ச்சியும் விழுந்துச்சு.

புதிர் 1990கள்லதான். உலக வங்கி ஆட்களே இதுல தலைய சொறிஞ்சாங்க. அந்தப் பத்து வருஷத்துல ஜமைக்காவோட முதலீடு 25%லேருந்து 30% வரைக்கும் இருந்துச்சு, எந்த நாட்டுக்கும் அது மரியாதையான நம்பர். வளர்ச்சி சராசரியா 1%ஐ கூட எட்டல. பார்படோஸ் அதே காலத்துல ரொம்ப கம்மியா முதலீடு போட்டு, 1993க்கு அப்புறம் வருஷம் 3% மாதிரி வளர்ந்துச்சு. ஒரு சதவீதம் வளர எத்தனை சதவீதம் முதலீடு தேவைப்பட்டுச்சுன்னு வகுத்துப் பாப்போம்ல, அந்தக் கணக்கு ஜமைக்காவுக்கு 25ஐ தாண்டிப் போகுது, பார்படோஸுக்கு 5, 6ன்னு வருது. ஜிடிபில 25%னு போட்ட அந்த முதலீடு எங்க போச்சுன்னு தேடறதுதான் உங்க வேலைல முக்கியமான பகுதி, அதனால இங்க கொஞ்சம் நின்னு பாக்கலாம்.

மொதல்ல நாணயம். சின்ன நாட்டுல மெஷின், லாரி, ஜெனரேட்டர், லிஃப்ட், ஏசி எதுவும் உள்ளூர்ல செய்ய மாட்டாங்க, எல்லாம் டாலர் குடுத்து வாங்கறதுதான். 1980களோட கடைசில ஒரு அமெரிக்க டாலருக்கு 5.50 ஜமைக்கா டாலர். 1991ல அந்நியச் செலாவணிக் கட்டுப்பாட்ட ஒரேயடியா எடுத்தாங்க, 1992 முடியும்போது ஒரு டாலர் 22 ஜமைக்கா டாலர். ஒரு லட்சம் அமெரிக்க டாலர் விலையுள்ள ஒரு பாட்டில் நிரப்பற மெஷினை எடுத்துக்கோங்க. முன்னாடி வாங்கியிருந்தா தேசியக் கணக்குல 5.5 லட்சம் ஜமைக்கா டாலர்னு ஏறியிருக்கும், இப்ப அதே மெஷின் 22 லட்சம். ஒரு பாட்டில் கூட கூடுதலா நிரப்பப் போறதில்ல. 1991ல மட்டும் பணவீக்கம் 80%, அதனால ஜிடிபியோட பண மதிப்பும் ஏறுச்சுதான், ஆனா கூலியும் உள்ளூர் சேவைகளும் டாலர் ஏறின அதே வேகத்துல ஏறாது. அப்போ முதலீட்டோட மதிப்பு வேகமாவும் ஜிடிபி மதிப்பு மெதுவாவும் ஏறும், ரெண்டையும் வகுத்தா விகிதம் ஊதிப் போய்த் தெரியும். பார்படோஸ் டாலர் 1975லேருந்து இன்னைக்கு வரைக்கும் ஒரு அமெரிக்க டாலருக்கு 2ன்னே கட்டி வச்சது, அங்க இந்த ஊதல் வராது. அதனால அந்தந்த வருஷத்து விலைல போட்ட (நடப்பு விலை) விகிதத்த வச்சு மட்டும் இந்த ரெண்டு நாட்டையும் ஒப்பிட்டா ஆரம்பத்துலயே ஒரு பக்கம் சாஞ்ச தராசு. விலை ஏத்தத்த கழிச்ச நிலையான விலைலயும் ஒரு தடவை போட்டுப் பாருங்க, நாடுகளோட வருமானத்த ஒப்பிடற பென் வேர்ல்ட் டேபிள்ங்கற டேட்டா தொகுப்புல வாங்கும் திறன் கணக்குல இருக்கறதையும் பாருங்க, இடைவெளி நல்லாவே குறையும்.

ரெண்டாவது, தேய்மானம். நீங்க எடுத்தது மொத்த முதலீடு, அதுல பழசு போனதுக்கு பதிலா போட்டதும் சேர்ந்திருக்கும். 1988 செப்டம்பர்ல கில்பர்ட் புயல் ஜமைக்காவ கிழக்குலேருந்து மேற்கு வரைக்கும் முழு நீளத்துக்கும் அடிச்சு எடுத்துச்சு, கூரை போன வீடு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கரண்ட் கம்பம்னு அதுக்கப்புறம் வருஷக்கணக்குல கட்டினது எல்லாம் முதலீடுன்னுதான் ஏறும். நாடு முன்னாடி இருந்த இடத்துக்குத் திரும்பி வந்திருக்கு, அவ்வளவுதான். 80கள்ல அலுமினிய விலை சரிஞ்சு ரேனால்ட்ஸ் ஜமைக்காவ விட்டே போயிடுச்சு, வேற ஆலைகளும் மூடிக் கெடந்துட்டு பின்னாடி திறந்துச்சு, அதுக்கு ஆன செலவும் இதே கணக்குலதான்.

மூணாவதுதான் எனக்கு ரொம்ப வேதனையான விஷயம், வட்டி. விலைவாசியும் டாலரும் ஓடறத அடக்க வட்டிய ஏத்திக்கிட்டே போனாங்க, 1990களோட நடுவுல ஜமைக்கா அரசோட ட்ரெஷரி பில், அதாவது அரசு குறுகிய காலத்துக்கு வாங்கற கடன் பத்திரம், 40% வரைக்கும் கூட வட்டி குடுத்துச்சு. கிங்ஸ்டன்ல சின்னதா ஒரு கார்மென்ட் ஃபேக்டரி வச்சிருக்கற ஆள் என்ன பண்ணுவாரு? ஆள் வச்சு, கரண்ட் பில் கட்டி, திருட்டுக்கு பயந்து வாசல்ல செக்யூரிட்டி போட்டு, ஏற்றுமதி ஆர்டருக்கு அலைஞ்சு 15% லாபம் பாக்கறத விட ஃபேக்டரிய வித்து அரசுக்குக் கடன் குடுத்துட்டு வீட்ல இருக்கலாம். அப்படித்தான் நடந்துச்சு. தொழில் செய்யற ஆளுங்க கடன் குடுக்கற ஆளுங்களா மாறினாங்க, பேங்கும் இன்ஷூரன்ஸ் கம்பெனியும் புத்தி கெட்டு நிலம், ஹோட்டல், ஆபீஸ் பில்டிங்னு வாங்கிக் குவிச்சாங்க. கட்டிடம் எழும்பறது முதலீடுன்னு அழகா கணக்குல வந்துச்சு. 1996, 97ல எல்லாம் உடைஞ்சப்போ ஃபின்சாக்னு ஒரு அரசு நிறுவனம் தொடங்கி பேங்குகளையும் டெபாசிட் போட்ட மக்களையும் காப்பாத்தினாங்க, மொத்தச் செலவு ஜிடிபில 40% மாதிரி. அந்தக் கடன் நாட்டு தலைல ஏறி, 2000கள்ல வரி வருமானத்துல பாதிக்கு மேல வட்டிக்கே போச்சு. ஒரு தலைமுறையோட பள்ளிக்கூடமும் ரோடும் அந்த வட்டில கரைஞ்சுதுன்னு சொன்னா அது மிகையே இல்ல. படிச்சவங்க டொராண்டோ, நியூயார்க், லண்டன்னு போயிட்டாங்க, ஜமைக்கால காலேஜ் முடிச்சவங்கள்ல பெரும்பாலானவங்க வெளிநாட்டுலதான் இருக்காங்கறது இடப்பெயர்வு ஆராய்ச்சில திரும்பத் திரும்ப வர முடிவு. கட்டிடம் இருந்து அதுக்குள்ள வேலை செய்ய நர்ஸும் இன்ஜினியரும் இல்லன்னா அந்தக் கட்டிடம் என்ன விளைவு குடுக்கும்?

ஜிடிபிய அளக்கறதுலயே குறை இருக்குன்னு சொல்றவங்களும் உண்டு, கணக்குல வராத சின்ன வியாபாரம் ஜமைக்கால அதிகம், நிஜ வளர்ச்சி புத்தகத்துல இருக்கறத விடக் கூடுதலா இருந்திருக்கலாம்னு. இருக்கலாம், ஆனா அது முழுப் புதிரையும் அவிழ்க்காது.

பார்படோஸ் பக்கம் வாங்க. அவங்களுக்கும் நெருக்கடி வந்துச்சு, 1990லேருந்து 92 வரைக்கும் மூணு வருஷம் தொடர்ந்து பொருளாதாரம் சுருங்குச்சு, அந்நியச் செலாவணிக் கையிருப்பு காலியாகப் போச்சு, முதலீடு 15%க்கும் நல்லா கீழ எறங்கிடுச்சு, கிராஃப்ல ஒரு பள்ளம் தெரியுமே அதுதான். நாணய மதிப்ப குறைங்கன்னு ஐஎம்எஃப் சொல்லுச்சு. அவங்க குறைக்கல. அரசு ஊழியர் சம்பளத்துல 8% வெட்டினாங்க. மக்கள் தெருவுக்கு வந்தாங்க, வேலையில்லாதவங்க விகிதம் 20%ஐ தாண்டுச்சு, அந்த வலிய குறைச்சுப் பேச எனக்கு மனசு வரல. ஆனா 1993ல அரசு, முதலாளிகள், தொழிற்சங்கம் மூணு தரப்பும் உக்காந்து ஒரு உடன்படிக்கை போட்டாங்க, சம்பளத்தையும் விலையையும் கொஞ்ச காலம் கட்டுக்குள்ள வைக்கறது, அப்புறம் உற்பத்தித்திறன் ஏறினா சம்பளம் ஏறும்னு. இதனால என்ன ஆச்சுன்னா, ஹோட்டல் கட்ட நினைச்ச ஆளுக்கு அஞ்சு வருஷம் கழிச்சு டாலர் என்ன விலை, வட்டி என்ன இருக்கும்னு ஓரளவு தெரியும். ஜமைக்கால அது யாருக்கும் தெரியாது. குறைஞ்ச முதலீட்டுல பார்படோஸ் கூடுதல் பலன் பாத்ததுக்கு இதுதான் பெரிய காரணம்னு என்னோட கணிப்பு. 2.8 லட்சம் பேர் இருக்கற ஊர்ல மூணு தரப்பையும் ஒரே அறைல உக்கார வைக்கறது சுலபம்ங்கறதும் உண்மை, ஜமைக்கால ரெண்டு கட்சிக்காரங்களும் தெருவுல சுட்டுக்கிட்ட காலம் முடிஞ்சு அப்போ ரொம்ப நாள் ஆகல.

கிரிக்கெட் ரசிகர்களுக்கு ஒரு உதாரணம் சொல்றேன். 2007 உலகக் கோப்பைக்காக ரெண்டு நாடும் ஸ்டேடியம் கட்டுச்சு. பார்படோஸ்ல பிரிட்ஜ்டவுன் கென்சிங்டன் ஓவல இடிச்சுப் புதுசா கட்டினாங்க, அங்கதான் அந்த ஃபைனல்ல இலங்கை ஆஸ்திரேலியா கிட்ட தோத்துச்சு, 2024ல இந்தியா டி20 கோப்பைய ஜெயிச்சதும் அதே மைதானம்தான். ஜமைக்கால சபைனா பார்க்க புதுப்பிச்சது போக, ட்ரெலானில சீனா உதவியோட புதுசா ஒரு ஸ்டேடியம் கட்டினாங்க, அங்க நடந்தது தொடக்க விழாவும் பயிற்சி ஆட்டங்களும் மட்டும்தான், அதுக்கப்புறம் பெரும்பாலும் சும்மாதான் கெடந்துச்சு. தேசியக் கணக்குல ரெண்டும் ஒரே வரில ஏறும். எது பயன்படுச்சு, எது சும்மா கெடந்துச்சுன்னு பிரிச்சுக் காட்ட அந்தக் கணக்குல கட்டமே கிடையாது.

அதுக்காக முதலீட்டு அளவே முக்கியமில்லன்னு முடிவு கட்டிடாதீங்க. அந்தத் தப்ப 2008க்கு அப்புறம் பார்படோஸே காட்டுச்சு. உலக நெருக்கடில டூரிஸம் படுத்துச்சு, 2009ல கடற்கரைல கட்டிக்கிட்டிருந்த ஃபோர் சீசன்ஸ் ஹோட்டல் பாதில நின்னுச்சு, அரசு சம்பளத்தையும் பழைய செலவையும் விடாம பிடிச்சுக்கிட்டு பராமரிப்பையும் புதுக் கட்டுமானத்தையும் தள்ளிப் போட்டுச்சு. விளைவு 2017ல தெரிஞ்சுது, தெற்குக் கடற்கரைல, டூரிஸ்ட் வந்து தங்கற வொர்திங் பக்கத்துலயே சாக்கடை பொங்கி ரோட்டுல ஓடுச்சு, சில வெளிநாட்டு அரசுகள் தங்களோட மக்களுக்கு எச்சரிக்கை விட்டாங்க. கடற்கரைய வித்து சாப்பிடற நாட்டுக்கு இது எப்பேர்ப்பட்ட அடின்னு நினைச்சுப் பாருங்க. 2018 மே மாசம் மியா மாட்லி 30 தொகுதியையும் அள்ளி பிரதமரா ஆட்சிக்கு வந்தாங்க, கடன் ஜிடிபில 150%க்கு மேல இருந்துச்சு, வந்த ஒரு வாரத்துலயே வெளிநாட்டுத் தனியார் கடனுக்குப் பணம் கட்டறத நிறுத்தினாங்க. அதே நேரத்துல ஜமைக்கா எதிர்த் திசைல போயிட்டிருந்துச்சு, 2013ல 145%ல இருந்த கடன பத்துப் பன்னெண்டு வருஷத்துல 75% பக்கம் எறக்கிட்டாங்க, ரெண்டு கட்சி ஆட்சிலயும் அதே ஒழுங்க விடாம, உள்ளூர் பாண்ட் வச்சிருந்தவங்க 2010லயும் 2013லயும் ரெண்டு தடவை குறைஞ்ச வட்டிக்கு மாத்திக்க ஒத்துக்கிட்டு. ஆக 2002ல நின்ன ஹென்றி, மில்லர் ஆராய்ச்சிய இன்னைக்கு வரைக்கும் நீட்டினா கதை அவ்வளவு ஒருபக்கமா இருக்காது, உங்க கிராஃப்லயும் அதை மறக்காம காட்டுங்க.

செய்முறைக்கு ரெண்டு மூணு விஷயம். வருஷ வருஷம் ஒப்பிடாதீங்க, 5 வருஷ சராசரி எடுங்க, ஏன்னா 500 கோடி டாலர் ஜிடிபி உள்ள நாட்டுல 25 கோடி டாலருக்கு ஒரு ஹோட்டல் கட்டினாலே விகிதம் 5 பாயிண்ட் எகிறும், அடுத்த வருஷம் அது கீழ விழும், அதுல கொள்கையும் இல்ல ஒண்ணும் இல்ல. முதலீட்டுல சரக்கு இருப்பு மாற்றம் (விக்காம கையில இருக்கற ஸ்டாக் ஏறி இறங்கறது) சேர்ந்த நம்பரா, சேராத நம்பரான்னு பாத்து ரெண்டு நாட்டுக்கும் ஒரே மாதிரி எடுங்க. அடிப்படை ஆண்டு (விலைய ஒப்பிட எடுத்துக்கற வருஷம்) மாத்தின இடத்துல கோடு திடீர்னு குதிக்கும், அங்க ஒரு குறி போட்டு வைங்க. முதலீட்டுக்குக் கீழயே நடப்புக் கணக்குப் பற்றாக்குறையையும் ஒரு கோடா போடுங்க, நாட்டோட சொந்த சேமிப்புக்கு (தேசிய சேமிப்பு) மேல போன முதலீடு எவ்வளவுன்னு அது காட்டிடும். ஆர்தர் லூயிஸ், செயின்ட் லூசியாக்காரர், பார்படோஸ்ல இருக்கற கரீபியன் வளர்ச்சி வங்கிக்கு முதல் தலைவரா இருந்தவர், நோபல் வாங்கினவர், 4, 5% சேமிக்கற சமூகம் எப்படி 12, 15% சேமிக்கற சமூகமா மாறுதுங்கறதுதான் வளர்ச்சிப் பொருளாதாரத்தோட மையக் கேள்வின்னு 1954லயே எழுதினாரு. சேமிப்புன்னு அவர் சொன்னதை கவனிங்க, அடுத்தவன் பணத்துல போட்ட முதலீடும் சொந்த சேமிப்புல போட்ட முதலீடும் நெருக்கடி வரும்போது ஒரே மாதிரி நடந்துக்காது. இதெல்லாம் முடிச்சதும் டாலர் விலை, ட்ரெஷரி பில் வட்டி ரெண்டையும் அதே வருஷ அச்சுல கீழ போட்டுட்டு, 1989லேருந்து 1998 வரைக்கும் உள்ள பகுதிய மட்டும் பெருசாக்கிப் பாருங்க, ஜமைக்காவோட 25% எங்க போச்சுங்கறதுல பாதிக் கேள்விக்கு அங்கயே பதில் கிடைச்சுடும், மீதிக்கு முதலீட்ட கட்டிடம், மெஷின்னு பிரிச்ச டேபிள் வேணும்.